கொழும்பில் பழைய வீட்டை நீங்களே திருத்த: மார்ச் வெக்கைக்கும் மே மழைக்கும் நடுவே ஒரு வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் குடும்பத்துக்கு வந்த ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பெரும்பாலும் எங்கள் கையாலேயே திருத்தி வருகிறோம். கூரை முடிந்துவிட்டது, வயரிங் முடிந்துவிட்டது, சுவர் வேலை பாதியில் நிற்கிறது. என்ன கடதாசி வேண்டும், எதை எந்த மாதம் செய்ய வேண்டும், வெயில் நேரத்தில் எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் கவுண்டர் கவுண்டராகவும், ‘பாஸ்’ என்று நாங்கள் அழைக்கும் மேசன், தச்சர் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். உங்களுக்காவது அந்த அலைச்சல் குறையட்டும்.

கொழும்பில் இந்த வேலைக்கு நாள் குறிப்பது வானிலைதான். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஓரளவு காய்ந்த காலம். அதற்குப் பிறகு ஏப்ரல் முழுக்கக் காலையில் வெக்கை, பின்னேரம் இடிமழை. மே நடுப்பகுதிக்கு மேல் தென்மேல் பருவமழை. அதனால் கடதாசி வேலையை முந்தைய வருடக் கடைசியிலேயே தொடங்குங்கள். கூரையை மார்ச்சுக்குள் முடியுங்கள். வெளிச்சுவரைப் பருவமழைக்கு முன் மூடுங்கள். மழை பெய்யும் மாதங்களை உள்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. முதலில் உறுதி, பிறகு சுத்தியல்

வீட்டின் உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல பழைய வீடுகள் இன்னும் தாத்தா, பாட்டி பெயரிலோ பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காகவோ இருக்கும். நிற மாற்றம், பூச்சு என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. மாநகர சபைக்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டி வந்தால் உரிமையாளர் எல்லோருடைய ஒப்பமும் தேவைப்படும்.

சகோதரர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் குடும்பம் என்றால் இந்தப் படிதான் எல்லாவற்றையும் விட நேரம் எடுக்கும். அவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவப் பத்திரம் (தங்களுக்காக இங்குள்ள ஒருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி, அத்தாட்சிப்படுத்தி, மூலப் பிரதியைத் தபாலில் அனுப்ப வேண்டும். இங்கே வந்ததும் அதைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஸ்கேன் பிரதி செல்லாது. ஒருவருடைய பத்திரத்தில் வீட்டு இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ பிழைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே வாசகத்தை உங்கள் நொத்தாரிசே எழுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பட்டும். பத்திரத்தில் ‘திருத்த வேலைக்கும் கட்டட அனுமதிக்கும் விண்ணப்பிக்க’ என்ற அதிகாரம் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு மட்டும் எழுதிய பழைய பத்திரத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: உறுதியின் அத்தாட்சிப் பிரதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி, மதிப்பீட்டு வரி கட்டிய பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டைப் பிரதி, கடைசி மின்சார, தண்ணீர்ப் பட்டியல். நில அளவைப் படம் பழையதாகி எல்லை மாறியிருந்தால், உரிமம் உள்ள நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்துகொள்வது நல்லது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் சண்டைகளில் பாதி இந்தப் படம் இல்லாததால் வருபவை.

மதிப்பீட்டு வரியில் நிலுவை இருந்தால் எந்தக் கவுண்டரிலும் வேலை நகராது. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10% கழிவு கிடைக்கும். எப்படியும் கட்டத்தான் வேண்டும், ஜனவரியிலேயே கட்டிவிடுங்கள்.

2. அனுமதி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

உடைந்த ஓட்டை மாற்றுவது, பூச்சு, பெயின்ட், வயரிங், குழாய், தரை ஓடு போன்ற திருத்த வேலைக்கு வழக்கமாகக் கட்டடப் பட அனுமதி தேவைப்படுவதில்லை. தாங்கு சுவரை அகற்றுவது, அறை கூட்டுவது, கூரையின் உயரத்தையோ வடிவத்தையோ மாற்றுவது, மேல்மாடி போடுவது, வீட்டைக் கடையாக்குவது ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். இது நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிறது. கொழும்பு நகருக்குள் சாதாரண வீடு என்றால் விண்ணப்பம் நகர மண்டபத்தில் உள்ள மாநகர சபைக்கு. பெரிய கட்டடங்கள்தான் பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள அதிகார சபைக்குப் போகும். தெஹிவளை, கல்கிசை போன்ற இடங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநகர சபைக்குப் போக வேண்டும்.

உங்கள் வேலை இரண்டுக்கும் நடுவில் இருந்தால், பக்கத்து வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். வீட்டின் படத்தில் மாற்றப்போகும் இடத்தைச் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டு திட்டமிடல் பிரிவில் நேரே காட்டிக் கேளுங்கள். படிவத்தைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் தருகிறார்கள்.

படம் போட முன்பு வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, வாழைத்தோட்டம் பக்கத்துப் பழைய தெருக்களில் எதிர்காலத்தில் வீதியை அகலப்படுத்துவதற்கான கோடு பல வீடுகளின் முன் விறாந்தைக்குள்ளேயே ஓடுகிறது. கோட்டுக்கு உள்ளே வரும் பகுதியில் நிரந்தரமாகப் புதுக் கட்டுமானம் செய்ய அனுமதி கிடைக்காது. படம் வரைபவருக்குக் காசு கொடுத்து, முன்பக்கத்தை அழகாக வரைவித்த பிறகு இது தெரிய வந்தால் அந்தப் படம் வீண். சான்றிதழ் முதலில், படம் பிறகு.

அனுமதி எப்போது வரும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஒரு பிரிவு குறை எழுதித் திருப்பினால் தபாலில் கடிதம் வரும் வரை காத்திருக்காமல், விண்ணப்ப இலக்கத்தோடு போய்க் கேளுங்கள். மார்ச்சில் சுத்தியல் எடுக்க வேண்டும் என்றால் முந்தைய வருடம் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. எந்தக் கட்டணத்தையும் காசாளர் கவுண்டரிலேயே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ‘நான் பார்த்துத் தருகிறேன்’ என்று வாசலில் நிற்பவரிடம் கோப்பைக் கொடுக்க வேண்டாம்.

3. காசுக் கணக்கு

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் நான் எழுதும் தொகை நீங்கள் படிக்கும்போது பிழையாகிவிடும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், விலையை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சுவரை அடி நாடாவால் அளந்து சதுர அடியில் எழுதுங்கள். இங்கே பாஸ்மார் ‘ஸ்கொயர்’ என்று சொல்வது 100 சதுர அடி. அரை அங்குலப் பூச்சு, ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் ஒரு ஸ்கொயருக்குக் கழிவோடு சுமார் ஒரு 50 கிலோ சீமெந்து மூடையும் ஆறு கன அடி மணலும் போகும். பழைய சுவர் நேராக இருக்காது. பள்ளத்தை நிரப்பவே பாதி போய்விடும், ஆகவே ஒன்றரை மடங்காகக் கணக்கிடுங்கள். மணல் விற்பது ‘கியூப்’ கணக்கில். ஒரு கியூப் 100 கன அடி.

பட்டியலில் பலரும் எழுத மறப்பவை இவை:

- சுமை கூலி. டிப்பர் நுழையாத ஒழுங்கையில் வீடு இருந்தால் மணலைச் சந்தியில் கொட்டி, லாண்ட்மாஸ்டரிலோ (இருசக்கரச் சிறு உழவு இயந்திரம்) தலையிலோ கொண்டுவர வேண்டும். இது மணல் விலையோடு போட்டி போடும்.
- இடிபாடு அகற்றும் செலவு. வீட்டுக் குப்பை எடுக்கும் வண்டி உடைத்த பூச்சையும் ஓட்டையும் எடுக்காது. தெருவோரம் குவித்தால் முறைப்பாடு வரும். லொறிக்காரரிடம் விலை பேசும்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்றும் கேளுங்கள்.
- சாரம் வாடகை. நாள் கணக்கில் ஓடும். புத்தாண்டு விடுமுறைக்குள் மாட்டிக்கொண்டால் வேலை நடக்காத நாளுக்கும் வாடகை.
- வற் வரி. 2024 ஜனவரி முதல் 18%. கடைக்காரர் சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள்.

மொத்தத்துக்கு மேல் கால்வாசியைத் தனியாக வையுங்கள். பழைய வீட்டில் ஒரு ஓட்டைக் கழற்றினால் கீழே உக்கிய மரம் இருக்கும், அந்த மரத்தைக் கழற்றினால் சுவர் உச்சியில் கறையான் புற்று இருக்கும். ஒதுக்கிய காசு அதற்குத்தான் போகும்.

4. எதை நீங்கள் செய்வது, எதை விட்டுவிடுவது

பழைய பூச்சை உடைப்பது, சுரண்டுவது, பட்டி வைப்பது, பெயின்ட், கதவு யன்னல் தேய்ப்பது, தரை ஓட்டு இடுக்கு நிரப்புவது, சாமான் வாங்கித் தூக்குவது: இவ்வளவையும் கொஞ்சம் பொறுமை இருந்தால் குடும்பமாகச் செய்யலாம். மின்சாரமும் கூரைச் சட்டமும் வேண்டாம். அவை இரண்டும் தெரிந்த ஆளின் கையில்தான் இருக்க வேண்டும்.

மேசன் பாஸுக்கும் தச்சு பாஸுக்கும் நாள் கூலியா, கொந்தராத்தா என்ற கேள்வி வரும். பழைய வீட்டில் எனக்கு நாள் கூலிதான் சரி என்று படுகிறது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் மொத்தமாகப் பேசினால், ஒன்றில் அவர் கூட்டிச் சொல்வார், இல்லாவிட்டால் இடையில் வேலையை ஓட்டப் பார்ப்பார். நாள் கூலி என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்களும் சேர்ந்து வேலை செய்பவர் என்பதால் அது தானாக அமைந்துவிடும். தேத்தண்ணீர், பகல் சாப்பாடு யார் பொறுப்பு, கையாள் கூலி தனியா, கருவிகள் யாருடையவை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

சாமான் வாங்கவென்று பெரிய முற்பணம் கொடுக்க வேண்டாம். சாமானை நீங்கள் வாங்குங்கள், கூலியை வாரக் கடைசியில் கொடுங்கள்.

ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. 10ஆம் திகதி அளவிலேயே பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர மாதம் 20 தாண்டலாம். ஹார்ட்வெயார் கடைகளும் அப்படித்தான். திறந்த கூரையோடு அந்த வாரத்துக்குள் போகாதீர்கள். ஒவ்வொரு மாதமும் போயா, மே மாதத்தில் வெசாக், இவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

5. சாமான் எங்கே, எப்படி

ஹார்ட்வெயார் சாமானுக்குப் பழைய சோனகத் தெருவும் மெசெஞ்சர் வீதியும் போதும். விலை பேசலாம், ஒரே நடையில் நாலைந்து கடை பார்க்கலாம். காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ‘மிஞ்சினால் திருப்பி எடுப்பீர்களா?’ என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குழாய் மூட்டுகளிலும் ஓட்டிலும் இது உண்மையாகவே காசை மிச்சப்படுத்தும்.

சீமெந்தை ஒரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கொழும்பு ஈரக் காற்றில் மூடை சீக்கிரம் கட்டியாகிவிடும். பலகை மேல், சுவரைத் தொடாமல், பத்து மூடைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூடை பூச்சுக்கு ஆகாது.

மணலில் இரண்டு ஏமாற்று. ஒன்று அளவு. வண்டியின் பெட்டியை நீளம், அகலம், மணலின் உயரம் என்று நாடாவால் அளந்து பெருக்குங்கள், கொட்டுவதற்கு முன். எங்களுக்கு வந்த ஒரு லோடு பேசிய அளவுக்கு நன்றாகவே குறைவாக இருந்தது. நாடாவை எடுத்த பிறகுதான் விலையை இறக்கினார்கள். இரண்டாவது உப்பு. முத்துராஜவெலவில் கழுவி விற்கப்படும் கடல் மணல் வேறு, எங்கிருந்தோ வரும் கழுவாத மணல் வேறு. எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். நாக்கில் ஒரு மணி வைத்துப் பார்த்தாலே உப்பு தெரியும். உப்பு மணலில் பூசிய சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் கழன்றுகொண்டே இருக்கும், இரும்புக் கம்பி இருந்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

பெரிய வாகனங்களுக்கு நெரிசல் நேரத்தில் நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால், லோடு எத்தனை மணிக்கு வரும் என்று பேசி, இறக்க ஆள் ஆயத்தமாக வையுங்கள்.

6. கூரை: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

சுவர் அழுக்காக இருந்தால் ஒரு வருடம் பொறுக்கலாம். கூரை ஒழுகினால் கீழே செய்த வேலை எல்லாம் போய்விடும். ஆகவே முதல் காசும் முதல் காய்ந்த மாதமும் கூரைக்கு.

கலிக்கட் ஓடு என்றால் நல்ல செய்தி. ஓட்டைக் கழற்றி, கழுவி, தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மறுபடியும் போடலாம். பொத்தென்று கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. உடைந்தவற்றுக்கு ஈடாகப் பழைய ஓடே தேடுங்கள். புது ஓட்டின் வரிப்பு பொருந்தாமல் இடைவெளி விழலாம். கைமரங்களைக் கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக இறங்கும் இடம் உக்கியது. பழைய பலா, தேக்கு மரம் வெளியே கறுத்திருந்தாலும் உள்ளே இரும்பு மாதிரி இருக்கும், அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள்.

அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் கவனம் வேறு. அதை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், பாசியைத் தேய்த்துக் கழற்றாதீர்கள். அதிலிருந்து வரும் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியை மெதுவாகக் கழற்றி, முழுத் தகடாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றுங்கள். சாதாரணத் துணி முகமூடி போதாது, நுண்தூசு வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். போட்டிருந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். உடைந்த துண்டை முற்றத்தில் பாதை போடவோ சட்டி மூடவோ வைக்க வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலை நடக்கும்போது அவர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: பழைய தகடு உங்கள் பாரத்தைத் தாங்காது. அதில் நேரே கால் வைத்து விழுந்து செத்தவர்கள் உண்டு. கீழே மரச்சட்டம் ஓடும் ஆணி வரிசையில் பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும் நடக்க வேண்டும்.

ஏப்ரலில் கூரை வேலை மிஞ்சிவிட்டால், ஒரு நாளில் திறந்து அன்றே மூட முடிகிற பகுதியை மட்டும் திறங்கள். காலை வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் இரண்டு மணிக்கு மேல் கறுத்துவிடும். தறப்பாளும் கயிறும் கூரையிலேயே இருக்கட்டும். முதல் இடி கேட்டதும் இறங்கிவிடுங்கள்.

ஓடு கழற்றிய கையோடு, கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் அலுமினிய வெப்பத் தடுப்புத் தாளை விரித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அதன் செலவு சிறிது. பிறகு செய்ய வேண்டுமென்றால் முழு ஓட்டையும் மறுபடி கழற்ற வேண்டும். பீலிகளையும் இப்போதே சாய்வு பார்த்து மாற்றுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய வீடுகளில் சுவருக்கு மேலே காற்றுப் போகத் துவாரங்களும், உயர்ந்த சீலிங்கும், சிலவற்றில் நடுமுற்றமும் இருக்கும். எல்லாவற்றையும் அடைத்து, சீலிங்கைத் தாழ்த்தி ஏசி போடச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்தப் புழுக்கத்தில் அந்த வீடு இவ்வளவு காலம் இருக்கக்கூடியதாக இருந்தது அந்தத் துவாரங்களால்தான். நுளம்பு வலை அடித்துவிட்டு அப்படியே விடுங்கள்.

7. தண்ணீரும் மின்சாரமும்

பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். சுவரைப் பூச முன்பு எல்லாவற்றையும் பிவிசிக்கு மாற்றி, இரவு முழுக்க அழுத்தத்தில் விட்டுக் கசிவு பாருங்கள். மீற்றருக்கு முன்னால் உள்ள பகுதியை நீங்கள் தொடக்கூடாது. அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு, 1939க்கு அழைக்கலாம்.

மின்சாரத்தில் முதலில் பலகையைப் பாருங்கள். பீங்கான் பியூஸும் கறுப்பு ரப்பர் வயரும் இருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும். பகுதி பகுதியாகச் செய்வது ஆபத்து: பழைய வயரில் சிவப்பு உயிர், கறுப்பு நடுநிலை, புதிய வயரில் மண்ணிறம் உயிர், நீலம் நடுநிலை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்தால் அடுத்து வருபவர் குழம்புவார். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள மின்னியலாளரை எடுங்கள், சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் ஸ்விட்சும், உண்மையில் மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியும் கட்டாயம். வயரிலும் ஸ்விட்சிலும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை பாருங்கள். பிளக் எல்லாம் 13 ஆம்பியர் சதுர முள்ளுக்கே போடுங்கள், அதுதான் இப்போது நாட்டின் தரம்.

மின்சார சபை சீல் வைத்த பியூஸை யாரும் கழற்ற வேண்டாம். கொழும்பு நகரில் மின் விநியோகத்துக்கு 1987, நுகேகொடைப் பக்கம் லெக்கோ மின்சாரக் கம்பனிக்கு 1910. பூச முன்பு திறந்திருக்கும் ஒவ்வொரு சுவரையும், வயரும் குழாயும் போகும் இடம் தெரியும்படி, அடி நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பிறகு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது கைகொடுக்கும்.

8. சுவர்: வெயிலோடு கணக்குப் பார்த்துப் பூசுங்கள்

முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். கபுக் கல்லும் (செம்புரைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் என்றால், அதன் மேல் கடும் சீமெந்துப் பூச்சு போட வேண்டாம். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சைப் பெரிய பெரிய தகடாகத் தள்ளும். பல பழைய வீடுகளில் இடுப்பு உயரம் வரை பூச்சு உப்பி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்பது நடுத்தரமான கலவை. மெலிந்த பழைய சுவருக்கு ஒன்றுக்கு இரண்டு, ஒன்பது. பாஸ் ‘சீமெந்து கூடினால்தான் பலம்’ என்பார். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீரால் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், கழுவினால் உப்பு திரும்ப உள்ளே இறங்கும்.

இனி வெயில். புதுப் பூச்சுக்குப் பெரிய எதிரி அவசரமாகக் காய்வதுதான். முதல் நாள் பின்னேரமும் பூசும் முன்பும் சுவரை நன்றாக நனையுங்கள். மணலை நிழலில் வையுங்கள். மொட்டை மாடித் தாங்கியில் கொதித்த தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடிக்கும் அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் தண்ணீர் விட்டுத் திரும்பப் பிசைந்தால் அதில் பலம் இருக்காது.

எந்தச் சுவரை எப்போது பூசுவது என்பதற்கு எளிய விதி: மேற்குச் சுவர் காலையில், கிழக்குச் சுவர் பின்னேரம். தெற்கு வடக்குக்கு மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 7 அளவில் கொழும்பில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதுவரை வெயில் தெற்குச் சுவரில் விழும். அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை வடக்குச் சுவரில். ஆகவே மார்ச்சில் வடக்கையும், ஏப்ரல் கடைசியில் தெற்கையும் பூசினால் பாதி வேலையை நிழலே செய்துவிடும்.

பூசிய பிறகு ஏழு நாளாவது நனைக்க வேண்டும், நாளுக்கு மூன்று தரம். வெயில் படும் சுவரில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு கூடிய கலவைக்கு இன்னும் சில நாள் கூட்டுங்கள். இதைக் கையாளிடம் விட்டால் மூன்றாம் நாளோடு மறந்துபோகும். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுங்கள்.

9. உடம்பு

காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்துங்கள். மூன்றரைக்குப் பிறகு திரும்பத் தொடங்குங்கள். நடுவில் கூரையில் யாரும் இருக்க வேண்டாம். கொழும்பில் வெப்பமானி 32, 33 பாகை காட்டினாலும், ஈரப்பதன் கூடிய காற்றில் வியர்வை உலராததால் உடம்புக்கு அது 40ஐ நெருங்கும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும் நாட்களில் உடைக்கும் வேலை, சுமக்கும் வேலை இரண்டையும் தள்ளிவையுங்கள்.

தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, செவ்விளநீர் அல்லது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் வேண்டும். ஜீவனி (உப்பு, சீனி கலந்த கரைசல் தூள்) பைக்கற்றுகள் சிலவற்றை வீட்டில் வையுங்கள், ஒரு பைக்கற்றை ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். வேலைக்கு வரும் பாஸுக்கும் கையாளுக்கும் இதே கவனிப்பு. நாள் கூலிக்காரர் தலைச்சுற்று என்று வாய் திறந்து சொல்ல மாட்டார், ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம். அன்றைக்குக் கூலி குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

யாராவது பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

10. நுளம்பு

வேலை நடக்கும் வீட்டில் தண்ணீர் தேங்காத இடமே இருக்காது: பீப்பாய், வாளி, பெயின்ட் தகரம், தறப்பாள் மடிப்பு, பழைய பீலி. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், பீப்பாயை இறுக மூடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், குடம்பி கண்டால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. புத்தாண்டுக்கு வேலை நிற்கும் நாட்கள்தான் மோசம். பூட்டிப் போகும் முன் எல்லாத் தண்ணீரையும் வெளியேற்றுங்கள்.

11. பெயின்டும் கடைசிக் கடதாசியும்

புதுப் பூச்சு நான்கு வாரமாவது காய வேண்டும். மழைக் காலத்தில் இன்னும் கூட. பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி மறுநாள் பாருங்கள், உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிச்சுவரில் நேரே வெயில் விழும்போது பெயின்ட் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்பளிக்கும். பழைய கதவு யன்னல் எனாமலில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த தாளால் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துணியால் அள்ளி எடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ஆணி, கீல், திருகு எல்லாம் துருப்பிடிக்காதவையாக வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

அனுமதி எடுத்துச் செய்த வேலை என்றால், முடிந்ததும் மாநகர சபையில் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கடன், விற்பனை, அடுத்த கட்ட அனுமதி என்று வரும்போது கேட்கும் முதல் கடதாசி அதுதான். கட்டியது படத்தோடு பொருந்த வேண்டும். இடையில் ஒரு யன்னலை நகர்த்தியிருந்தாலும் திருத்திய படத்தைப் படம் வரைந்தவரிடமே வாங்கி, பரிசோதகர் வரும் முன் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அறை கூட்டியிருந்தால் மதிப்பீட்டு வரி மறுபடி கணிக்கப்படும். அறிவித்தல் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கும் கடைசித் திகதி அதிலேயே அச்சிட்டிருக்கும், கையில் கிடைத்த அன்றே பாருங்கள்.